தாமஸ் யங்: தன் கண்ணையே அளந்து பார்த்த டாக்டர்

யங்ஸ் மாடுலஸ் தெரியாம நம்ம காலேஜ்ல யாரும் செகண்ட் இயர் தாண்டியிருக்க முடியாது. ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ்ல யங்ஸ் டபுள் ஸ்லிட்டும் படிச்சிருப்பீங்க. மெக்கானிக்கல், சிவில்காரங்களுக்கு ஒரு யங், பிசிக்ஸ் லேபுக்கு இன்னொரு யங்னு நினைச்சிருந்தா, இல்லைங்க, ரெண்டும் ஒரே ஆள் தான். பெயர் தாமஸ் யங். படிச்சது மருத்துவம். தொழிலும் மருத்துவம் தான். மத்ததெல்லாம் அவர் மிச்ச நேரத்துல செஞ்சது!

இப்போ அவரைப் பத்தி எழுதக் காரணம் இருக்கு. ஃபைனல் இயர் வந்தாச்சு. பிளேஸ்மென்ட் முடிஞ்ச கையோட ஹாஸ்டல்ல அடுத்த பேச்சு லேசர் ஆபரேஷன். கண்ணாடியைக் கழட்டிடலாம், பத்து நிமிஷ வேலை, மறுநாளே 6/6 தெரியும்னு சொல்றாங்க. பெரும்பாலானவங்களுக்கு அது உண்மையும் கூட. ஆனா சில பேர் ஆபரேஷனுக்கு அப்புறம் ராத்திரி விளக்கைப் பார்த்தா முள்ளு முள்ளா நட்சத்திரம் மாதிரி சிதறுது, சுத்தி ஒளிவட்டம் தெரியுதுன்னு சொல்றாங்க. ஒரு ஒளிப்புள்ளி ஏன் புள்ளியா தெரியாம நட்சத்திரமா தெரியுதுங்கற கேள்வியை, லேசர் என்ற வார்த்தையே இல்லாத காலத்துல, தன் சொந்தக் கண்ணை வச்சு ஆராய்ந்தவர் யங். அவர் வாழ்க்கையைத் தெரிஞ்சிக்கிட்டா இந்த முடிவை எடுக்கறது கொஞ்சம் தெளிவாகும்.

இரண்டு வயதில் படிப்பு

1773 ஜூன் 13, இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் மில்வர்ட்டன் என்ற ஊரில் பிறந்தார் யங். குவேக்கர் குடும்பம். பத்துப் பிள்ளைகளில் மூத்தவர். இரண்டு வயதிலேயே சரளமாகப் படித்தார். நான்கு வயதுக்குள் பைபிளை இரண்டு முறை முடித்துவிட்டார். டீன் ஏஜில் லத்தீன், கிரேக்கம், பிரெஞ்ச், இத்தாலியன், ஹீப்ரு, அரபி, பாரசீகம் என்று மொழிகளை அடுக்கிக்கொண்டே போனார். நாம ரெண்டு மொழியை வச்சுக்கிட்டே தடுமாறுறோம்!

அவருடைய தாய்வழி உறவினர் ரிச்சர்ட் பிராக்கிள்ஸ்பி லண்டனில் பெரிய டாக்டர். அந்த வழியில் யங்கும் மருத்துவத்துக்கு வந்தார். லண்டன், எடின்பரோ, ஜெர்மனியின் கோட்டிங்கன், கடைசியில் கேம்பிரிட்ஜ் என்று நாலு இடம் மாறிப் படித்தார். கேம்பிரிட்ஜில் கூடப் படித்தவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ஃபினாமினன் யங். பாதி பாராட்டு, பாதி கிண்டல். நம்ம கிளாஸ்லயும் அப்படி ஒருத்தர் இருப்பார் இல்லையா?

21 வயதில் ராயல் சொசைட்டி

லண்டனில் மாணவனாக இருந்தபோதே, 1793ல், ராயல் சொசைட்டியில் அவருடைய முதல் பெரிய கட்டுரை வாசிக்கப்பட்டது. கேள்வி ரொம்ப சிம்பிள். தூரத்தில் இருக்கும் மரத்தையும் பார்க்கிறோம், கையில் இருக்கும் புத்தகத்தையும் பார்க்கிறோம். கேமராவில் லென்ஸை முன்னே பின்னே நகர்த்த வேண்டும். கண்ணுக்குள் என்ன நகர்கிறது?

மாட்டின் கண்ணை அறுத்துப் பார்த்த யங், கண்ணுக்குள் இருக்கும் லென்ஸே வடிவம் மாறுகிறது என்றார். லென்ஸே ஒரு தசை என்றும் நினைத்தார். இரண்டாவது பகுதி தவறு. லென்ஸைச் சுற்றியிருக்கும் சிலியரி தசை தான் அந்த வேலையைச் செய்கிறது. லென்ஸ் வடிவம் மாறுகிறது என்ற முதல் பகுதி மிகச் சரி. மறு வருடமே, 1794ல், ராயல் சொசைட்டியின் ஃபெல்லோவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வயது 21. நீங்களும் நானும் இப்போ இருக்கற வயசு.

சந்தோஷம் நீடிக்கவில்லை. ஜான் ஹன்டர் என்ற புகழ்பெற்ற சர்ஜன், அது தன்னுடைய யோசனை என்று உரிமை கொண்டாடினார். அதற்குப் பிறகு எவரார்ட் ஹோம் என்ற இன்னொரு சர்ஜனும் ஜெஸ்ஸி ராம்ஸ்டன் என்ற கருவி வல்லுநரும் சேர்ந்து, மாறுவது லென்ஸ் இல்லை, கண்ணின் முன்பக்கக் கண்ணாடிச் சுவரான கார்னியா தான் என்றார்கள். யங் தன் கருத்தை வாபஸ் வாங்கினார். ஆனால் விஷயத்தை விடவில்லை. சில வருடங்கள் கழித்து மறுபடி ஆரம்பித்தார். இந்த முறை சோதனைக்கு எடுத்துக்கொண்டது மாட்டுக் கண்ணை இல்லை, தன் கண்ணை.

சாவி வளையமும் தண்ணீரும்

1800 நவம்பரில் ராயல் சொசைட்டியில் வாசித்து 1801ல் அச்சான அந்தக் கட்டுரை, கண்ணின் இயக்கம் பற்றியது. ஒரு இன்ஜினியர் ஃபால்ட் ஃபைண்டிங் செய்வது மாதிரியே போகிறது. மூன்று சந்தேகங்கள்: கார்னியா மாறுகிறதா, கண் பந்து நீளுகிறதா, லென்ஸ் மாறுகிறதா? ஒவ்வொன்றாக நீக்க வேண்டும்.

முதலில் கார்னியா. கார்னியா வெளிச்சத்தை வளைப்பதற்குக் காரணம் அதன் வெளியே காற்று இருப்பது. வெளியே தண்ணீர் இருந்தால் அந்தச் சக்தி கிட்டத்தட்ட காலி. தண்ணிக்குள்ள கண்ணைத் திறந்தா எல்லாம் கலங்கலா தெரியறது இதனால தான். யங் ஒரு சின்னக் குழாயில் லென்ஸைப் பொருத்தி, தண்ணீர் நிரப்பி, அதைக் கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். கார்னியாவின் வேலையை வெளி லென்ஸ் செய்தது. அப்போதும் கிட்டேயும் தூரத்திலும் ஃபோகஸ் மாற்ற முடிந்தது. கார்னியா அவுட்.

அடுத்து கண் பந்தின் நீளம். இதை மட்டும் தயவுசெஞ்சு யாரும் வீட்ல செஞ்சு பார்க்காதீங்க. கண்ணை மூக்குப் பக்கம் நன்றாகத் திருப்பிக்கொண்டு, முன்பக்கம் ஒரு இரும்பு வளையம், பின்பக்கம் கண்ணின் வெளி ஓரம் வழியாக ஒரு சாவியின் வளையம் என்று இரண்டுக்கும் நடுவே கண் பந்தைப் பிடித்தார். கண்ணை அழுத்தினால் ஒரு வெளிச்ச வட்டம் தெரியும் இல்லையா, அது தெரிந்தது. கிட்டே ஃபோகஸ் செய்யும்போது கண் நீண்டால் அழுத்தம் கூடி அந்த வட்டம் பெரிதாக வேண்டும். ஆகவில்லை. அதுவும் அவுட்.

மீதி இருப்பது லென்ஸ். கண்புரை ஆபரேஷனில் லென்ஸை எடுத்துவிட்டவர்களைச் சோதித்தார். அவர்களால் ஃபோகஸ் மாற்ற முடியவில்லை. கேஸ் முடிந்தது.

புள்ளி நட்சத்திரமான கதை

நமக்கு முக்கியமான இடம் இது. இந்தச் சோதனைகளுக்காக ஆப்டோமீட்டர் என்ற கருவியை யங் மேம்படுத்தினார். கண்ணுக்கு முன்னால் இரண்டு மெல்லிய பிளவுகள். அதன் வழியே நீளமாகப் போகும் ஒரு கோட்டைப் பார்க்க வேண்டும். கோடு இரண்டாகத் தெரியும். இரண்டும் ஒன்றை ஒன்று வெட்டும் இடம் தான் கண் ஃபோகஸ் செய்யும் தூரம். ஒளி அலைக்கு முன்னாடியே அவர் கையில டபுள் ஸ்லிட் இருந்திருக்கு பாருங்க.

கருவியை நேராகவும் படுக்கையாகவும் திருப்பி அளந்தபோது இரண்டு வேறு வேறு எண்கள் வந்தன. ஒரு திசையில் 10 அங்குலம், இன்னொரு திசையில் 7 அங்குலம். கண்ணாடிக் கடை பாஷைல சொன்னா, பவர் சுமார் மைனஸ் 4, சிலிண்டர் சுமார் 1.7. அஸ்டிக்மாட்டிசம் என்று இன்று நாம் சொல்லும் குறை இது தான். அந்தப் பெயரே அப்போது கிடையாது.

ஒரு சின்ன ஒளிப்புள்ளியைப் பார்த்தால் தனக்கு எப்படித் தெரிகிறது என்பதையும் எழுதினார், படமும் போட்டார். கதிர் கதிராக நட்சத்திரம், சிலுவை, கோணலான கோடு என்று தூரத்துக்குத் தகுந்தபடி மாறியது. எந்தத் தூரத்திலும் சரியான புள்ளியாகத் தெரியவில்லை. ஒரு குழி லென்ஸைக் குறிப்பிட்ட கோணத்தில் சாய்த்துப் பிடித்தால் மட்டும் புள்ளி புள்ளியானது. கேரி என்ற லென்ஸ் வியாபாரியிடம் இதைச் சொன்னபோது, கண்ணாடியைச் சாய்த்துப் போட்டால் தெளிவாகத் தெரிவதாகச் சொல்லும் வாடிக்கையாளர்களைத் தானும் பார்த்திருப்பதாக அவர் சொன்னார். கடைக்காரருக்குத் தெரிஞ்ச விஷயம், புத்தகத்துல இல்லை.

இதுல என்னை ரொம்ப யோசிக்க வச்சது ஒண்ணு. அளந்து பார்க்கும்வரை தன் கண்ணில் இந்தக் குறை இருப்பதே யங்குக்குத் தெரியாது. எந்தத் தொந்தரவும் இல்லாமல் படித்துக்கொண்டு தான் இருந்தார். கண் எப்படிப் பார்க்கிறது என்பதைக் கண்ணின் சொந்தக்காரர் கவனித்துச் சொன்னால் தான் தெரியும்.

அவருடைய கண்ணோடு லேசர் அறைக்கு

இங்கே கொஞ்ச நேரம் யங்கை விட்டுட்டு இன்னைக்கு வருவோம். லேசிக் ஆபரேஷனில் கார்னியாவில் ஒரு மெல்லிய மூடியைத் திறந்து, 193 நானோமீட்டர் எக்சைமர் லேசரால் அடியில் இருக்கும் திசுவை மைக்ரான் கணக்கில் செதுக்குகிறார்கள். கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு நடுப்பகுதி தட்டையாகும். பவர் போய்விடும்.

செதுக்கும் வட்டத்தின் விட்டம் பொதுவாக 6 முதல் 6.5 மி.மீ. ஆனால் இருட்டில் நம் வயசுக்காரர்களின் கண்மணி 7 மி.மீ. அளவுக்குக் கூட விரியலாம். அப்போது செதுக்கிய பகுதியின் ஓரம், செதுக்காத பகுதி, இரண்டின் வழியாகவும் வெளிச்சம் உள்ளே போகும். நடுவில் வரும் கதிரும் ஓரத்தில் வரும் கதிரும் ஒரே இடத்தில் சேராது. நாம படிச்ச ஸ்ஃபெரிக்கல் அபரேஷன் தான் இது. பகலில் தெளிவாகத் தெரிபவருக்கு இரவில் விளக்கைச் சுற்றி வட்டமும் முள்ளும் தெரிவது இப்படித்தான். லேசர் கொஞ்சம் நடுவிலிருந்து விலகிப் பட்டால் எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் எழுத்து தெரியலாம். மூடியைத் திறக்கும்போது கார்னியாவின் நரம்புகள் அறுபடுவதால் கண் வறளும். கண்ணீர்ப் படலம் சமமாக இல்லை என்றாலும் பார்வை மங்கும், வெளிச்சம் சிதறும்.

அப்போ வட்டத்தைப் பெருசாக்கிடலாமேன்னு கேப்பீங்க. 1980களின் கடைசியில் 4, 5 மி.மீ. என்று ஆரம்பித்தது பிறகு பெரிதானதற்கு இந்த வட்டத் தொல்லையும் ஒரு காரணம். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. மன்னர்லின் ஃபார்முலா என்று ஒன்று இருக்கிறது. விட்டத்தை மி.மீ.யில் எடுத்து, அதன் வர்க்கத்தைப் பவரால் பெருக்கி, மூன்றால் வகுத்தால் செதுக்க வேண்டிய ஆழம் மைக்ரானில் கிடைக்கும். பவர் 5, விட்டம் 6 என்றால் 60 மைக்ரான். விட்டம் 7 என்றால் கிட்டத்தட்ட 82. கார்னியாவின் மொத்தத் தடிமனே அரை மி.மீ. சொச்சம் தான். ரொம்ப மெலிந்தால் கண்ணின் உள் அழுத்தம் தாங்காமல் முன்னால் புடைத்துவிடும். அங்கே வந்து நிற்பது யங்ஸ் மாடுலஸ்! பார்வையின் தரமா, சுவரின் பலமா என்ற டிசைன் சிக்கல் இது. அதனால் தான் தடிமனையும் வடிவத்தையும் அளக்காமல் நல்ல டாக்டர் யாரும் சரி சொல்ல மாட்டார்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு சீனியர் அண்ணா ஆபரேஷன் செஞ்சுக்கிட்டார். சார்ட்டில் கடைசி வரி வரை படித்தார். ஆனா ராத்திரி பைக் ஓட்டும்போது எதிர்ல வர்ற லாரி ஹெட்லைட் வெடிச்சு சிதறுதுன்னு சொன்னார். செக்கப்பில் சொன்னபோது 6/6 இருக்கே, அப்புறம் என்ன என்று அனுப்பிவிட்டார்கள். ஆறு மாதத்தில் அவருக்குப் பெரும்பாலும் சரியாகிவிட்டது. பலருக்கும் அப்படித்தான். ஆனால் அந்த ஆறு மாதமும், தான் சொல்வதை யாரும் நம்பவில்லை என்ற கஷ்டம் தான் அவருக்குப் பெரிதாக இருந்தது. சார்ட் என்பது பளீரென்ற வெளிச்சத்தில் கறுப்பு எழுத்து. இரவு நேரத்துச் சாலையை அது அளப்பதில்லை.

கேலியும் ஒளி அலையும்

திரும்ப யங்கிடம் வருவோம். 1801ல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் பேராசிரியர் ஆனார். அதே வருடம் ஒளி ஒரு அலை என்று வாதாடினார். நியூட்டனின் ஊரில் நியூட்டனின் துகள் கொள்கைக்கு எதிராக! அங்குலத்துக்கு 500 என்ற கணக்கில் இணை கோடுகள் கீறப்பட்ட ஒரு கண்ணாடியை எடுத்துக்கொண்டு, அதில் தோன்றும் நிறங்களை அலைகளின் சேர்க்கையால் விளக்கினார். நாம லேப்ல ஸ்பெக்ட்ரோமீட்டர்ல வைக்கற கிரேட்டிங் தான். கண்ணில் மூன்று விதமான நிற உணர்விகள் இருந்தால் போதும், எல்லா நிறமும் பார்க்கலாம் என்றும் அப்போதே சொன்னார். உங்க போன் ஸ்கிரீன்ல சிவப்பு, பச்சை, நீலம் மூணு மட்டும் இருக்கறது அந்த வேலையோட பலன்.

அன்று கிடைத்தது கேலி. ஹென்றி புரூம் என்பவர் எடின்பரோ ரிவ்யூ பத்திரிகையில் பெயர் போடாமல் யங்கைக் கிழித்துத் தொங்கவிட்டார். யங் பதில் எழுதிப் புத்தகமாகப் போட்டார். விற்றது ஒரே ஒரு பிரதி. பிரான்ஸில் ஃப்ரெனல் அலைக் கொள்கையைக் கணக்கோடு நிறுவும்வரை யங் காத்திருக்க வேண்டியிருந்தது.

லேசருக்கும் இதற்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. இப்போது பல இடங்களில் கார்னியா மூடியைக் கத்திக்குப் பதில் ஃபெம்டோசெகண்ட் லேசரால் வெட்டுகிறார்கள். அந்த லேசர் வரிசையாக, சம இடைவெளியில் புள்ளி வைத்துக்கொண்டே போகும். அந்த வரிசையே ஒரு கிரேட்டிங் ஆகி, சில பேருக்கு வெள்ளை விளக்கைப் பார்க்கும்போது இருபுறமும் வானவில் பட்டைகள் தெரிகின்றன. ரெயின்போ கிளேர் என்பார்கள். யங் கண்ணாடிக் கீறலில் பார்த்தது, இங்கே கண்ணிலேயே.

வட்டத்தையே அளவுகோலாக்கியவர்

1803ல் பேராசிரியர் வேலையை விட்டார். மறுவருடம் எலைசா மாக்ஸ்வெல்லைத் திருமணம் செய்துகொண்டு மருத்துவத்தில் கவனம் செலுத்தினார். 1807ல் வெளிவந்த அவருடைய லெக்சர் தொகுப்பில் தான் நம்ம மாடுலஸ் வருகிறது. 1811 முதல் லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் டாக்டர்.

அந்தக் காலத்தில் அவர் செய்த எரியோமீட்டர் எனக்கு ரொம்பப் பிடித்த கருவி. நுண்ணிய துகள்கள் வழியே விளக்கைப் பார்த்தால் நிற வட்டம் தெரியும். துகள் சின்னதானால் வட்டம் பெரிது. வட்டத்தை அளந்தே கம்பளி இழையின் தடிமனையும் ரத்த அணுவின் அளவையும் சொல்லலாம் என்று காட்டினார். எல்லோரும் தொல்லை என்று நினைக்கும் ஒளிவட்டம் அவருக்கு ஒரு தகவல்.

டாக்டர்கள் இன்றும் அப்படித்தான் பார்க்கிறார்கள். திடீரென்று விளக்கைச் சுற்றி வானவில் நிறத்தில் வட்டம் தெரிந்து, கண் வலியும் சேர்ந்தால், கண் அழுத்தம் ஏறி கார்னியா வீங்கியிருக்கலாம். ஆபரேஷன் செஞ்சிருந்தாலும் செய்யாட்டியும் உடனே கண் டாக்டர்கிட்ட போயிடுங்க.

எகிப்தின் ரொசெட்டா கல்வெட்டை அவிழ்ப்பதிலும் 1814 முதல் இறங்கினார். முழுமையாக அவிழ்த்த பெருமை 1822ல் பிரான்ஸின் ஷாம்போலியனுக்குப் போனது, ஆரம்பப் படிகளில் யங்கின் பங்கு பெரிது. 1829 மே 10, லண்டனில் இறந்தார். வயது 55. படுக்கையிலும் எகிப்திய அகராதியைப் பென்சிலால் திருத்திக்கொண்டிருந்தார்.

கண்ணுக்குள் போன வாரிசுகள்

யங்கின் கண் ஆராய்ச்சி அவரோடு முடியவில்லை. ஹெல்ம்ஹோல்ட்ஸ் மூன்று நிறக் கொள்கையை வளர்த்தெடுத்தார். மாரியஸ் ஷெர்னிங் என்ற டேனிஷ் கண் டாக்டர் 1894ல் யங்கின் கண் கட்டுரைகளைப் பிரெஞ்சில் வெளியிட்டார். அதே காலத்தில் கண்ணின் அபரேஷனை அளக்க ஒரு கருவியும் செய்தார். கட்டக் கோடுகளைக் கண் எப்படி வளைக்கிறது என்று பார்க்கும் அந்த யோசனை, இன்றைய வேவ்ஃப்ரன்ட் கருவிகளில் ஒரு வகையாக அவர் பெயரிலேயே இருக்கிறது. சிலிண்டர் பவரோடு நிற்காமல், ஒவ்வொருவர் கண்ணின் கோணல்களையும் வரைபடமாக்கி அதற்கேற்ப லேசரை ஓட்டுகிறார்கள்.

நம்ம ஊர் வாரிசும் உண்டு. சென்னையில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன் தான், 1981ல் ஐபிஎம் ஆய்வகத்தில் சாமுவேல் பிளம், ஜேம்ஸ் வின் இருவரோடு சேர்ந்து, எக்சைமர் லேசர் சுற்றியுள்ள திசுவைக் கருக்காமல் செதுக்கும் என்று கண்டுபிடித்தவர். சோதித்தது எதில் தெரியுமா? விருந்தில் மிஞ்சிய வான்கோழி இறைச்சியில்!

நீங்க செய்ய வேண்டியது

அமெரிக்காவில் 2017ல் வெளியான ஒரு ஆய்வில், லேசிக்குக்கு முன் எந்தப் பார்வைத் தொல்லையும் இல்லாதவர்களில் 100க்கு 40க்கும் மேற்பட்டோர், மூன்று மாதம் கழித்து வட்டம், முள், நிழல், கூச்சம் போல ஏதாவது ஒரு புதிய தொல்லையைக் குறிப்பிட்டார்கள். அதனால் அன்றாட வேலையே ரொம்பக் கஷ்டமானவர்கள் 100க்கு ஒருவருக்கும் குறைவு. பெரும்பாலானவர்கள் பார்வையில் திருப்தியாகவே இருந்தார்கள். பயந்து ஓட வேண்டாம், கவனமா இருக்கணும். அதே ஆய்வில் இன்னொன்றும் வந்தது. டாக்டரிடம் நேரில் சொன்னதைவிட இரண்டு மடங்குக்கும் மேலாகக் கேள்வித்தாளில் எழுதினார்கள். அதாவது, நிறைய பேர் வாயைத் திறந்து சொல்வதே இல்லை.

அதனால ஆபரேஷன் யோசனை இருந்தா, இன்னைக்கு ராத்திரியே கண்ணாடியோட மாடிக்குப் போய் ஒரு தெருவிளக்கைப் பாருங்க. ஒரு கண்ணை மூடி மறு கண்ணால், அப்புறம் மாத்தி. எப்படித் தெரியுதோ அப்படியே நோட்டுல வரைஞ்சு தேதி போட்டு வைங்க. கண்ணாடியோடவே லேசா முள் தெரியலாம், ஆச்சரியப்படாதீங்க. டாக்டர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க. இருட்டில் என் கண்மணி எவ்வளவு விரியுது? செதுக்கற வட்டம் எவ்வளவு? செதுக்கினப்புறம் எவ்வளவு தடிமன் மிஞ்சும்? ஆபரேஷன் முடிஞ்சு ஒரு மாசம், மூணு மாசம் கழிச்சு அதே விளக்கைத் திரும்ப வரையுங்க. ஏதாவது மாறியிருந்தா படத்தோட போய்க் காட்டுங்க.

6/6 என்று ரிப்போர்ட் சொல்லும். விளக்கு எப்படித் தெரியுதுன்னு நீங்க தான் சொல்லணும்.